மதிலைத் தாண்டி வந்த காற்று: ஸ்வெர்ட்லோவ்ஸ்க் 1979, ஒரு நிகழ்வு ஆய்வு

1979 ஏப்ரல் முதல் வாரத்தின் இறுதியில், சோவியத் ஒன்றியத்தின் யூரல் பகுதியிலுள்ள ஸ்வெர்ட்லோவ்ஸ்க் நகரின் தென்பகுதி மருத்துவமனைகளுக்குக் காய்ச்சல், இருமல், நெஞ்சு வலி என்று சிலர் வரத் தொடங்கினர். பெரும்பாலோர் வேலைக்குப் போய்வரும் நடுத்தர வயதினர். முதலில் பார்த்த மருத்துவர்கள் அதை நிமோனியா என்று கருதினார்கள். பனி முழுவதும் விலகாத அந்தப் பருவத்தில் அப்படிக் கருதியதில் தவறு காண முடியாது. ஆனால் நிமோனியா நோயாளிகள் இவ்வளவு விரைவாகச் சரிவதில்லை. காலையில் நடந்து வந்தவர் இரவில் மூச்சுத் திணறி, மறுநாள் விடிவதற்குள் இறந்தார். அடுத்த சில நாட்களில் படுக்கைகள் நிரம்பின.

இன்று யெகாத்தரின்பர்க் என்று அழைக்கப்படும் அந்த நகரில் அன்று 10 லட்சத்துக்கும் அதிகமான மக்கள் வாழ்ந்தனர். அதன் தெற்கு ஓரத்தில், ச்கலோவ்ஸ்கி மாவட்டத்தில், வளாகம் 19 என்ற பெயரில் மதில் சூழ்ந்த ராணுவ ஆய்வுக்கூடம் ஒன்று இருந்தது. அதை ஒட்டியே வளாகம் 32 என்ற மற்றொரு ராணுவக் குடியிருப்பு. இரண்டுக்கும் தெற்கே சிறு வீடுகளும், அடுக்ககங்களும், பள்ளிகளும், ஒரு பீங்கான் தொழிற்சாலையும் இருந்தன. மதிலுக்குள் என்ன நடக்கிறது என்று அந்தத் தெருக்களில் யாரும் கேட்பதில்லை.

நோய்க்கிருமிகளையே ஆயுதமாக்கும் உயிரியல் ஆயுதங்களின் அறத்தைப் பேசும்போது நாம் வழக்கமாகப் போர்க்களத்திலிருந்துதான் தொடங்குகிறோம். போர்வீரனையும் பொதுமக்களையும் பிரித்தறியாத ஆயுதத்தைப் பயன்படுத்தலாமா, எதிரி முதலில் பயன்படுத்தினால் பதிலடி நியாயமா என்று கேட்கிறோம். இவை தேவையான கேள்விகளே. ஆனால் ஸ்வெர்ட்லோவ்ஸ்க் நிகழ்வில் போர் இல்லை, எதிரி இல்லை, தாக்குவதற்கு உத்தரவிட்ட தளபதியும் இல்லை. அப்படியிருந்தும் குறைந்தது 66 பேர் இறந்தார்கள். இந்த ஆயுதத்தின் தீமை அதை வீசும் கணத்தில் தொடங்குவதில்லை என்பதையும், செய்யத் தொடங்கிய நாளிலேயே அது ஒரு பொய்யைக் கேட்கிறது என்பதையும் இந்த நிகழ்வைவிடத் தெளிவாகக் காட்டும் வேறொன்றை நான் அறியேன். அதனாலேயே போர்க்களத்தை விட்டு இந்த நகரத்தை எடுத்துக்கொண்டேன்.

நோயும் அதன் இயல்பும்

இறப்புக்குக் காரணமானது ஆந்த்ராக்ஸ். நம் கால்நடை வளர்ப்போர் அடைப்பான் என்று அறிந்திருக்கும் அதே நோய்தான். மாடும் ஆடும் திடீரென்று விழுந்து சாகும். செத்த மாட்டை அறுத்தவர் கையில் கருத்த புண் தோன்றும். இதன் கிருமி, சூழல் கெடும்போது வித்தாக உறைந்துகொண்டு மண்ணில் பல ஆண்டுகள் கிடக்கக்கூடியது. மனிதருக்கு இது மூன்று வழிகளில் வரும். தோல் வழியாக வருவதே மிகுதி; அது பெரும்பாலும் குணமாகிவிடும். நோயுற்ற விலங்கின் இறைச்சியை உண்டால் குடலைத் தாக்கும். வித்துகளை மூச்சோடு இழுத்தால் நுரையீரலைக் கடந்து நடுமார்பின் நிணநீர்க் கணுக்களைத் தாக்கும். இந்த மூன்றாவது வகை இயற்கையில் மிக அரிது, ஆனால் மிகக் கொடியது.

மூச்சு வழி நோய்க்கு வேறொரு தன்மையும் உண்டு. இந்த ஆய்வின் அறக் கேள்வி முழுவதும் அதைச் சுற்றியே வருகிறது. வித்துகள் உள்ளே போனவுடன் எல்லோரும் நோயுறுவதில்லை. ஸ்வெர்ட்லோவ்ஸ்கில் பலருக்கு 9, 10 நாட்கள் கழித்துத்தான் காய்ச்சல் வந்தது. சிலருக்கு 6 வாரங்கள் வரை ஆயிற்று. அந்த இடைவெளியில் கிருமியைக் கொல்லும் மருந்தைக் கொடுத்தால் நோயைத் தடுக்க வாய்ப்புண்டு. ஆகவே, எதை, எங்கே, எந்த நாளில் சுவாசித்தார்கள் என்ற மூன்று தகவல்களுமே அங்கே உயிர் காக்கும் மருந்துக்கு நிகரானவை.

பிணவறையில்

40-ஆம் எண் மருத்துவமனையின் பிணவறையில் உடல்களை ஆராய்ந்தவர்கள் ஃபாயினா அப்ரமோவா, லெவ் கிரின்பெர்க் என்ற இரு நோய்க்கூறியல் மருத்துவர்கள். ஏப்ரல் 10-ஆம் தேதியளவில் அப்ரமோவா ஓர் உடலின் மண்டையோட்டைத் திறந்தபோது, மூளையின் மேற்புறம் முழுவதும் இரத்தம் கசிந்து கருஞ்சிவப்பாய்ப் போர்த்தியிருந்தது. கத்தோலிக்கக் கர்தினால்கள் அணியும் சிவப்புக் குல்லாயின் பெயரை மருத்துவ நூல்கள் இந்த அடையாளத்துக்குச் சூட்டியிருக்கின்றன. பாடமாகப் படித்திருந்த அது, அன்று அவர் கண்முன்னே இருந்தது. மறுநாள் கிருமிச் சோதனையும் ஆந்த்ராக்ஸ் என்றே உறுதி செய்தது.

அதன் பிறகு வந்த வாரங்களில் இருவரும் 42 உடல்களை ஆராய்ந்தார்கள். எல்லா உடல்களிலும் நடுமார்பின் நிணநீர்க் கணுக்கள் இரத்தம் கட்டி வீங்கியிருந்தன. பலருக்குக் குடலிலும் இரத்தக்கசிவு இருந்தது. ஆனால் கிருமி இரத்தத்தில் பரவிய பிறகு குடலுக்கு வந்த தடம் அது, நுழைந்த வாசல் மார்பில்தான் இருந்தது. அனுபவமுள்ள கண்ணுக்கு இந்த வேறுபாடு தெரியும். அவர்களுக்கும் தெரிந்தது.

பின்னர் சோவியத் உளவுத்துறையான கேஜிபியின் அதிகாரிகள் வந்து மருத்துவமனைகளின் பதிவேடுகளை எடுத்துச் சென்றனர். நோயாளிகளின் கோப்புகளும், பொதுச் சுகாதாரத் துறையின் பதிவுகளும் மறைந்தன. அப்ரமோவாவும் கிரின்பெர்க்கும் பதனிட்ட திசுக்களையும், கண்ணாடித் தகடுகளையும், தங்கள் குறிப்புகளையும் ஒப்படைக்காமல் மறைத்து வைத்துக்கொண்டார்கள். திசுக் கண்ணாடிக் குடுவைகள், மாதிரிகள் அடுக்கியிருந்த மற்றக் குடுவைகளின் நடுவே வெளிப்படையாகவே நின்றன. பார்த்தால் புரிந்துகொள்ளும் பயிற்சி இல்லாதவருக்கு அவை ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் மிதக்கும் துண்டுகள் மட்டுமே. இந்த இருவரும் கிளர்ச்சியாளர்கள் அல்லர், அறிக்கை எதையும் வெளியிடவில்லை. தாங்கள் கண்டது அழிந்துவிடக் கூடாது என்பதை மட்டும் உறுதியாகப் பிடித்துக்கொண்டு 13 ஆண்டுகள் காத்திருந்தார்கள். அவர்களுடைய முடிவுகள் 1993-இல் அமெரிக்க அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்தன.

இறைச்சி என்ற விளக்கம்

நகர மக்களுக்குச் சொல்லப்பட்ட காரணம் வேறு. நோயுற்ற கால்நடையின் இறைச்சி கள்ளச் சந்தையில் விற்கப்பட்டது, அதை உண்டவர்களுக்கு நோய் வந்தது என்றார்கள். தனியாரிடம் இறைச்சி வாங்க வேண்டாம் என்று செய்தித்தாள்களிலும் சுவரொட்டிகளிலும் எச்சரிக்கை வந்தது. யூரல் பகுதியில் கால்நடைகளுக்கு ஆந்த்ராக்ஸ் வருவது புதிதல்ல என்பதால் இந்த விளக்கத்தில் முதல் பார்வைக்குக் குறையொன்றும் தெரியவில்லை.

அதேசமயம் நடந்த வேலைகள் இந்த விளக்கத்தோடு பொருந்தவில்லை. தீயணைப்பு வண்டிகள் மரங்களையும் கட்டடச் சுவர்களையும் கழுவின. மண் தெருக்கள் சிலவற்றுக்குத் தார் போட்டார்கள். தெருநாய்களைச் சுட்டார்கள். காற்றில் வந்து படிந்த ஒன்றுக்குச் செய்யும் வேலைகள் இவை. ஏப்ரல் நடுவில், ச்கலோவ்ஸ்கி மாவட்டத்தில் 18 முதல் 55 வயது வரையுள்ளவர்களுக்குத் தடுப்பூசி போடும் பணி தொடங்கியது. தகுதியுடைய ஏறத்தாழ 59,000 பேரில் பெரும்பாலோர் குறைந்தது ஒரு ஊசியாவது போட்டுக்கொண்டனர். இந்தப் பணியைச் செய்த உள்ளூர் மருத்துவர்களையும் செவிலியர்களையும் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. தங்களுக்கு உண்மை சொல்லப்படாத நிலையிலும் அவர்கள் தெருத்தெருவாக, வீடுவீடாகச் சென்றார்கள்.

இறந்தவர்களின் உடல்களைக் குடும்பத்தாரிடம் வழக்கப்படி கொடுக்கவில்லை. சவப்பெட்டிகளைக் குளோரின் சுண்ணாம்பு இட்டு மூடி, காவலர் முன்னிலையில், வஸ்தோச்னி கல்லறைத் தோட்டத்தின் ஒதுக்கிய பகுதியில் புதைத்தார்கள். முகத்தைக் கடைசியாகப் பார்த்து முத்தமிட்டு விடைகொடுப்பது அங்கே மரபு, அது மறுக்கப்பட்டது. இறப்புக்குச் சான்றிதழ் வந்தது, ஆனால் அதில் ஆந்த்ராக்ஸ் என்ற சொல்லைப் பல குடும்பங்கள் காணவில்லை. கணவன் எதனால் செத்தான் என்று தெரியாமல் வாழ்வது எவ்வளவு பெரிய பாரம் என்பதை, அறத்தைப் பற்றிய கட்டுரைகள் போதிய அளவு எடைபோடுவதில்லை என்று நினைக்கிறேன். தவறான இறைச்சியை வாங்கி வந்து சமைத்தது நான்தானோ என்று ஒரு மனைவியோ தாயோ தன்னையே குற்றவாளியாக்கிக்கொள்ள அந்தப் பொய் இடம் வைத்தது.

1979-இன் பிற்பகுதியில் புலம்பெயர்ந்த ரஷ்யர்களின் இதழொன்றில் செய்தி கசிந்தது. 1980 மார்ச்சில், ஜெனீவாவில், இத்தகைய ஆயுதங்களைத் தடைசெய்யும் உயிரியல் ஆயுத ஒப்பந்தத்தின் முதல் மறுஆய்வு மாநாடு நடந்துகொண்டிருந்த அதே நாட்களில், அமெரிக்கா சோவியத் அரசிடம் விளக்கம் கேட்டது. இறைச்சிதான் காரணம் என்ற பதில் வந்தது. 1988-இல் பியோத்தர் புர்காசோவ் உள்ளிட்ட சோவியத் மருத்துவர்கள் அமெரிக்காவுக்கே வந்து, மாட்டுத் தீவனத்தில் கலந்த எலும்புத்தூளிலிருந்து நோய் பரவிய விதத்தைப் படங்களோடும் பிரேதப் பரிசோதனை விவரங்களோடும் விளக்கினார்கள்.

ஒரு திங்கட்கிழமை

1992 மேயில் ரஷ்ய அதிபர் போரிஸ் யெல்ட்சின், நோய்க்குக் காரணம் ராணுவ வேலைதான் என்பதைச் செய்தித்தாள் பேட்டியில் ஒப்புக்கொண்டார். 1979-இல் அதே மாகாணத்தின் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவராக இருந்தவர் அவர்தான். அவர் சொன்னது ஓர் ஒப்புதல் மட்டுமே. எப்படி, எந்த நாளில், எவ்வளவு என்ற விவரம் அதில் இல்லை. அந்த விவரங்களை வெளிக்கொண்டு வந்தது ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மேத்யூ மெசல்சன் தலைமையில் 1992 ஜூனிலும், மீண்டும் 1993-இலும் அந்நகருக்குச் சென்ற குழு.

அவர்கள் கையில் 68 பேரின் பெயர்ப் பட்டியல் கிடைத்தது. இறந்தவர்களின் குடும்பங்களுக்கு ஓய்வூதியம் வழங்க 1992-இல் ரஷ்யா சட்டம் இயற்றியபோது, அதற்காகத் தயாரான பட்டியல் அது. குழுவிலிருந்த சமூக மானுடவியலாளர் ஜீன் கில்லெமின் அந்த முகவரிகளைத் தேடிப்போய், வீட்டு மேசைகளுக்கு எதிரே உட்கார்ந்து குடும்பத்தாரிடம் கேட்டார்: எங்கே வேலை பார்த்தார், எந்த நேரப்பணி, எந்த வழியாகப் போவார், அந்த வாரத்தில் எங்கே இருந்தார், இறைச்சி எங்கே வாங்கினீர்கள். கல்லறைக் கற்களில் பொறித்த பெயர்களோடும் தேதிகளோடும் பதில்களை ஒப்பிட்டார்கள்.

இந்த இடத்தில் ஆய்வின் திருப்பம் வருகிறது. நோயுற்றவர்கள் இரவில் உறங்கிய வீடுகளை வரைபடத்தில் குறித்தபோது புள்ளிகள் நகரத்தில் ஆங்காங்கே சிதறிக் கிடந்தன. பகலில் அவர்கள் இருந்த இடங்களைக் குறித்தபோது, பெரும்பாலான புள்ளிகள் வளாகம் 19-இலிருந்து நகரின் தெற்கு எல்லை வரை, ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு குறுகிய பட்டைக்குள் வந்து விழுந்தன. அந்தப் பட்டையை அதே திசையில் நீட்டினால், அவ்வாண்டு ஏப்ரலில் ஆந்த்ராக்ஸால் கால்நடைகள் செத்த ஆறு கிராமங்கள் அதில் வந்தன. கடைசிக் கிராமமான அப்ரமோவோ சுமார் 50 கிலோமீட்டர் தொலைவு. பட்டைக்கு வெளியே வசித்து, அந்த வாரத்தில் மட்டும் அங்கே வந்துபோன சிலரும் நோயுற்றிருந்தனர். அவர்களில் ஐவர் வளாகம் 32-இல் பயிற்சிக்காக வரவழைக்கப்பட்ட ரிசர்வ் படையினர். பயிற்சி தொடங்கிய நாள் ஏப்ரல் 2, திங்கட்கிழமை.

அருகிலிருந்த விமான நிலையத்தின் வானிலைப் பதிவுகளைப் பார்த்தார்கள். அந்தத் திங்கட்கிழமை பகலில் காற்று வடவடமேற்கிலிருந்து தென்தென்கிழக்கு நோக்கி, விநாடிக்கு 4 முதல் 6 மீட்டர் வேகத்தில், திசை மாறாமல் வீசியிருந்தது. பட்டையின் அச்சும் அதுவே. வளாகத்திலிருந்து ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தெற்கே இருந்த பீங்கான் தொழிற்சாலையின் குழாய்ப் பிரிவில் வேலை செய்த சுமார் 450 பேரில் 10 பேர் நோயுற்றார்கள். மூச்சு விட்டதைத் தவிர அவர்கள் வேறெதுவும் செய்யவில்லை.

இந்த முடிவுகள் 1994-இல் வெளியாயின. குழு விவரம் திரட்ட முடிந்த 77 நோயாளிகளில் 66 பேர் இறந்திருந்தனர். இறைச்சிதான் காரணமென்றால் ஒரே பானையில் சமைத்து உண்ட குடும்பம் முழுவதும் படுத்திருக்க வேண்டும். ஆனால் நோயுற்றோரில் குழந்தை ஒன்றுகூட இல்லை, மிக இளையவருக்கே 24 வயது. சிறுவர்கள் ஏன் தப்பினார்கள் என்பதற்கு முழுமையான விளக்கம் கிடைக்கவில்லை என்பதையும் ஆய்வாளர்கள் மறைக்கவில்லை.

கசிவு எப்படி ஏற்பட்டது என்பது பற்றிய பரவலான கூற்று, சோவியத் உயிரியல் ஆயுதத் திட்டத்தில் உயர்பதவி வகித்து 1992-இல் அமெரிக்காவுக்குச் சென்ற கென் அலிபெக்கிடமிருந்து வருகிறது. காற்று வெளியேறும் குழாயின் வடிகட்டி ஒன்று கழற்றப்பட்டதாகவும், அது பதிவேட்டில் எழுதப்படாததால் அடுத்த நேரப்பணியாளர்கள் அறியாமல் இயந்திரத்தை இயக்கியதாகவும் அவர் கூறினார். அவர் அப்போது அங்கே இருந்தவரல்லர், பின்னர் கேட்டறிந்ததைச் சொன்னார் என்பதால் இதை உறுதியான உண்மையாக நான் வைக்கவில்லை.

அறத்தின் தராசில்

போரைப் பற்றிய அறச் சிந்தனை நெடுங்காலமாக இரண்டு கேள்விகளைக் கேட்டு வந்திருக்கிறது. போருக்குப் போவது நியாயமா, போரில் நடந்துகொள்ளும் முறை நியாயமா என்பவை அவை. ஆயுதத்தைச் செய்வது பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் முந்திய, தன்னளவில் அறக் கேள்வி எழாத ஆயத்தமாகவே கருதப்பட்டது. வாளைத் தீட்டுபவன் யாரையும் கொல்வதில்லை என்பது அந்தப் பார்வை. உயிரியல் ஆயுதத்துக்கு அது பொருந்தாது. இந்த ஆயுதத்தின் மூலப்பொருள் உயிருள்ளது. உற்பத்திக்கூடத்தில் நிகழும் ஒரு சிறு கவனக்குறைவும் தாக்குதலுக்கு நிகரான விளைவைத் தருகிறது. ஆகவே அதைச் செய்ய முடிவெடுக்கும் அரசு, எதிரியின் மக்களை எண்ணும் முன்பே தன் சொந்த மக்களை, அவர்களைக் கேட்காமல், பணயமாக வைத்துவிடுகிறது. அம்பு விடுமுன் பிணியுடையோரை அரண் தேடிப் போகச் சொன்ன போரறம் தமிழின் பழம்பாட்டில் உண்டு. போருக்கே வெளியே நிறுத்தப்பட வேண்டியவர் நோயாளி என்பது அதன் உட்பொருள். நோயாளியை உருவாக்குவதையே நோக்கமாகக் கொண்ட ஆயுதம் அந்த அறத்தின் அடித்தளத்தைத் தோண்டுகிறது.

அடுத்தது மருத்துவ அறிவின் நிலை. எந்தக் கிருமி கொடியது, எந்த மருந்துக்கு அது அடங்கும், உடலுக்குள் எப்படி நுழைகிறது என்பதெல்லாம் நோயைத் தடுப்பதற்காகத் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த அறிவு. நோயாளிகள் தங்கள் உடலைத் திறந்து காட்டியதால் கிடைத்த அறிவும் அதுவே. ஆயுதக்கூடத்தில் அதே அறிவு எதிர்த்திசையில் ஓடுகிறது. மதிலுக்கு உள்ளே மருத்துவமும் நுண்ணுயிரியலும் கற்றவர்கள் அந்தக் கிருமியோடு வேலை செய்தார்கள். மதிலுக்கு வெளியே அதே படிப்பைப் படித்தவர்கள் அது என்னவென்று அறியாமல் நிமோனியாவுக்கு மருந்து எழுதினார்கள். இரண்டு தரப்பும் ஒரே நகரத்தில், சில கிலோமீட்டர் இடைவெளியில் இருந்தன. உள்ளே இருந்த அறிவில் ஒரு வாக்கியம் வெளியே வந்திருந்தால் போதும் என்ற எண்ணத்தை என்னால் கடந்துபோக முடியவில்லை.

நியாயமாகச் சொன்னால், கசிவு நிகழ்ந்ததை வளாகத்தின் பொறுப்பாளர்கள் எந்த மணிநேரத்தில் உணர்ந்தார்கள் என்பது தனிக் கேள்வி. ஆனால் ஏப்ரல் 11-க்குப் பிறகு அந்தக் கேள்விக்கும் வேலையில்லை. நோய் ஆந்த்ராக்ஸ் என்று உறுதியான பிறகு, ஆந்த்ராக்ஸோடு வேலை செய்துகொண்டிருந்த கூடத்துக்கு அது எங்கிருந்து வந்திருக்கும் என்று தெரியாமல் இருக்க வழியில்லை. அன்றைய தேதியில், வித்துகளைச் சுவாசித்தும் இன்னும் நோயுறாதவர்கள் பலர் நலமாக நடமாடிக்கொண்டிருந்தார்கள். ஏப்ரல் 2 அன்று இந்தத் தெருக்களில் இருந்தவர்கள் எல்லோரும் உடனே வாருங்கள் என்று அழைத்திருக்கலாம். அதற்குப் பதிலாகத் தனியாரிடம் இறைச்சி வாங்காதீர்கள் என்று சொன்னார்கள். மருந்தும் தடுப்பூசியும் வழங்கப்பட்டதை மறுக்கவில்லை, அதனால் உயிர்கள் காப்பாற்றப்பட்டும் இருக்கலாம். ஆனால் பகலில் அங்கே வந்து வேலை பார்த்துவிட்டு நகரின் வேறு மூலைக்குத் திரும்பியவரை, வசிக்கும் மாவட்டத்தைக் கணக்கில் கொண்டு நடத்தும் தடுப்பூசிப் பணி எளிதில் தவறவிட்டுவிடும். கசிவு விபத்து, மறைத்தது முடிவு. விபத்துக்கு மன்னிப்பு கேட்க முடியும். மறைத்ததை, ஒவ்வொரு நாளும் மீண்டும் எடுத்த முடிவாகவே நான் பார்க்கிறேன்.

அந்த மறைப்பு சில அதிகாரிகளின் தனிப்பட்ட கோழைத்தனம் மட்டுமல்ல என்பதே இந்த நிகழ்வின் சாரம். சோவியத் ஒன்றியம் 1972-இல் கையெழுத்திட்ட உயிரியல் ஆயுத ஒப்பந்தம் 1975 மார்ச் 26 அன்று நடைமுறைக்கு வந்தது. ஒரு வகை ஆயுதத்தையே முற்றிலும் தடைசெய்த முதல் உலக ஒப்பந்தம் அது. அமெரிக்காவும் பிரிட்டனும் போலவே சோவியத்தும் அதன் காப்பாளர் நாடு. அதாவது, ஒப்பந்தத்தின் மூலப்படியைத் தன் பெட்டகத்தில் வைத்துக் காக்கும் பொறுப்பேற்ற அரசே அதை மீறிக்கொண்டிருந்தது. 1970-களின் தொடக்கத்தில், ஒப்பந்தத்தின் மை காய்வதற்குள், பயோபிரிபராத் என்ற பெயரில் பொதுமக்கள் மருந்து நிறுவனம்போல் தோன்றும் ஓர் அமைப்பையும் அது உருவாக்கியிருந்தது. இத்தகைய நிலையில் நகர மருத்துவர் ஒருவரிடம் உண்மையைச் சொல்வது உலகத்திடம் குற்றத்தை ஒப்புக்கொள்வதாகிவிடும். ஆயுதத்தை மறைக்க வேண்டுமென்றால் நோயின் காரணத்தையும் மறைத்தே ஆக வேண்டும்.

எதிரியும் செய்துகொண்டிருக்கிறான், ஆகவே நாமும் செய்ய வேண்டும் என்ற வாதத்தையும் எடுத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்க அதிபர் நிக்சன் 1969 நவம்பர் 25 அன்று உயிரியல் ஆயுதங்களைக் கைவிடுவதாக அறிவித்தபோதும், சோவியத் திட்டத்தில் பணியாற்றியவர்கள் அதை நம்பவில்லை என்று அலிபெக் சொல்லியிருக்கிறார். அந்த அச்சம் உண்மையானதாகவே இருந்திருக்கலாம். ஆனால் அச்சுறுத்தித் தடுப்பது என்ற தர்க்கம் இங்கே தன் காலிலேயே நிற்கவில்லை. என்னிடம் இன்ன ஆயுதம் இருக்கிறது என்று எதிரிக்குத் தெரிந்தால்தான் அவன் தயங்குவான். அணுகுண்டு ஏவுகணைகளை மாஸ்கோவின் செஞ்சதுக்கத்தில் ஊர்வலமாகக் காட்டியது அதற்காகத்தான். ஒப்பந்தத்தை மீறி, இல்லவே இல்லை என்று மறுத்துக்கொண்டு வைத்திருக்கும் ஆயுதம் யாரையும் தடுக்காது. அதை வீசலாம், அல்லது ஒளித்து வைக்கலாம், மூன்றாவது பயன் கிடையாது. ஆகவே தற்காப்பு என்ற பெயரை அதற்குச் சூட்டுவதை நான் ஏற்கவில்லை.

வெளியிலிருந்தவர்களின் பொறுப்பு

இந்த நிகழ்வில் பொறுப்பு சோவியத் அரசோடு முடிந்துவிடவில்லை. 1980-களில் மெசல்சன் இறைச்சி விளக்கத்தை நம்பத்தகுந்ததாகவே கருதினார், அப்படிப் பொதுவெளியில் பேசவும் செய்தார். அமெரிக்க உளவுத்துறை தொடக்கத்திலிருந்தே ராணுவக் கசிவைச் சந்தேகித்தது; அதுவே சரியாக இருந்தது. இதை வைத்து விஞ்ஞானிகள் அப்பாவிகள், உளவுத்துறையே அறிவாளி என்று முடிவுகட்டுவோர் உண்டு. ஆனால் 1981-இல் லாவோஸிலும் கம்போடியாவிலும் சோவியத் நச்சுப்பொருள் மஞ்சள் மழையாகப் பெய்தது என்று அமெரிக்க அரசு குற்றம் சாட்டியபோது, அந்த மஞ்சள் துளிகள் தேனீக்களின் எச்சம் என்று சான்றுகளோடு காட்டியவரும் இதே மெசல்சன்தான். ஒன்றில் அரசு சரி, ஒன்றில் தவறு. ஒன்றில் விஞ்ஞானி தவறு, ஒன்றில் சரி. உயிரியல் ஆயுதம் என்ற குற்றச்சாட்டு மிகக் கனமானது. பொய்யாகச் சுமத்தினால் போருக்கே காரணமாகலாம், உண்மையாக இருக்கும்போது புறக்கணித்தால் அடுத்த கசிவுக்கு வழிவிடும். இரண்டு தவறுகளிலிருந்தும் காப்பது களத்துக்குப் போய்ப் பார்க்கும் உரிமை மட்டுமே. மெசல்சன் போக முடிந்தபோது போனார், தன் முந்தைய கருத்தைத் தானே கலைத்தார். அதற்காக அவர்மீது எனக்கு மதிப்பு கூடத்தான் செய்கிறது.

அந்த உரிமையைத்தான் ஒப்பந்தம் தரவில்லை. இன்று 180-க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் உறுப்பினர்கள். ஆனால் சந்தேகம் எழுந்தால் ஓர் ஆய்வுக்கூடத்தின் கதவைத் தட்டிச் சோதிக்கும் அதிகாரம் எவருக்கும் இல்லை. ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தில் புகார் அளிக்கலாம், அங்கே வல்லரசுகளுக்கு எந்த முடிவையும் தடுக்கும் வீட்டோ உரிமை உண்டு. ரசாயன ஆயுதத் தடைக்குச் சில நூறு பணியாளர்களும் ஆய்வர்களும் கொண்ட அமைப்பு தி ஹேக் நகரில் இருக்கிறது. உயிரியல் ஆயுத ஒப்பந்தத்துக்கு ஜெனீவாவில் இருப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் பணியாற்றும் ஓர் அலுவலகம். சோதனை முறையை ஏற்படுத்தப் பல ஆண்டுகள் பேசி உருவாக்கிய வரைவை 2001-இல் அமெரிக்கா நிராகரித்தது. மருந்து நிறுவனங்களின் ரகசியங்கள் வெளியாகும் என்பதும், சோதனையால் உண்மையில் எதையும் கண்டுபிடிக்க முடியாது என்பதும் அதன் வாதங்கள். இரண்டாவது வாதத்தில் ஓரளவு வலு உண்டு. தடுப்பூசிக்காகக் கிருமி வளர்க்கும் கூடத்துக்கும் ஆயுதத்துக்காக வளர்க்கும் கூடத்துக்கும் வெளித்தோற்றத்தில் வேறுபாடு குறைவு, நோய்த்தடுப்புக்கான ஆய்வை ஒப்பந்தமே அனுமதிக்கிறது. ஆனாலும் ஸ்வெர்ட்லோவ்ஸ்க் நிகழ்வு வேறொன்றைச் சொல்கிறது. வெளியாட்கள் நகரத்துக்குள் நுழைந்து, குடும்பங்களோடு பேசி, காற்றின் திசையைப் பார்க்க முடிந்தவுடனே, 13 ஆண்டுகள் பழைய உண்மை சில வாரப் பயணங்களில் வெளிவந்துவிட்டது. உடனடியாகப் போக முடிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதே என் கேள்வி.

1992 செப்டம்பரில் ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன் மூன்றும் பரஸ்பர ஆய்வுப் பயணங்களுக்கு ஒப்புக்கொண்டன. மருந்துத் தொழில் பெயரில் இயங்கிய கூடங்கள் சிலவற்றுக்கு வெளிநாட்டுக் குழுக்கள் போய்வந்தன. ராணுவக் கூடங்களின் கதவுகள் திறக்கவில்லை, வளாகம் 19-இன் கதவும் அவற்றில் ஒன்று.

66 என்ற எண்ணிக்கை, முகவரியைத் தேடிப்போய்க் கேட்க முடிந்தவர்களின் கணக்கு. அந்தத் திங்கட்கிழமை வளாகம் 19-இன் மதிலுக்கு உள்ளே, கசிவுக்கு மிக அருகில் வேலை செய்தவர்களிலும், அங்கேயே குடியிருந்த அவர்களுடைய குடும்பங்களிலும் எத்தனை பேர் நோயுற்றார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்பதை எந்த அரசும் இதுவரை வெளியிடவில்லை.